இடது கையை விலக்கிக்கொண்ட வருடம்

2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் குயீன்ஸ் கிளப்பின் புல்தரையில் டட்யானா மரியா, அமண்டா அனிசிமோவாவை 6-3, 6-4 என்று வென்று முடித்தபோது நான் எங்கள் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்கு மிக அருகில் தரையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் என் அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு டென்னிஸ் தெரியாது. ஆனால் கோப்பையோடு நிற்கும் அந்த ஜெர்மானியப் பெண்ணையும் அவளுடைய இரண்டு மகள்களையும் பார்த்ததும் கீரையைக் கீழே வைத்துவிட்டாள். "ரெண்டு பிள்ளை பெத்தவ, முப்பத்தேழு வயசுல எப்படி ஆடிட்டா பாரு!" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. மறுநாள் வந்த செய்திகள், பாராட்டுகள் எல்லாமே ஏறக்குறைய என் அக்கா சொன்ன அதே வாக்கியத்தைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்லியிருந்தன. அவற்றில் எதுவும் பொய்யில்லை. இருந்தாலும் படிக்கப் படிக்க எனக்குள் ஏதோ ஒன்று நெருடிக்கொண்டே இருந்தது. இன்றுவரை அது அடங்கவில்லை.

நெருடியது இதுதான். இரண்டு பிள்ளைகளின் தாய் என்பது மரியா யார் என்று சொல்கிறது. அவர் எப்படி வென்றார் என்று சொல்வதில்லை. அந்த ஒரு வாரத்தில் அவர் வீழ்த்தியவர்களை எண்ணிப் பாருங்கள்: லெய்லா ஃபெர்னாண்டஸ், கரோலினா முகோவா, 2022 விம்பிள்டன் சாம்பியன் எலெனா ரைபாகினா, அந்த ஆண்டின் ஆஸ்திரேலிய ஓபன் சாம்பியன் மேடிசன் கீஸ், இறுதியில் அனிசிமோவா. தரவரிசையில் 86வது இடத்தில் இருந்தவர், தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்து இவர்களை வரிசையாகத் தோற்கடித்தார். குழந்தை பெற்ற பிறகு பெரிய பட்டங்களை வென்ற பெண்கள் டென்னிஸில் முன்பும் இருந்திருக்கிறார்கள். மார்கரெட் கோர்ட் வென்றிருக்கிறார். ஈவான் கூலகாங் 1980இல் விம்பிள்டனை வென்றிருக்கிறார். கிம் கிளைஸ்டர்ஸ் தாயான பின்பு, டென்னிஸின் நான்கு பெரும் போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களில் மூன்று பட்டங்களை வென்றிருக்கிறார். அவர்கள் ஒருவரைப் போல ஒருவர் ஆடியதில்லை. மரியா அவர்களில் எவரைப் போலவும் ஆடுவதில்லை. அவருடைய வெற்றிக்கான விடை அவருடைய கையில் இருக்கிறது. கை என்று நான் சொல்வது உவமையாக அல்ல.

பந்தின் அடிவயிற்றைச் சீவுவதுபோல மட்டையை மேலிருந்து கீழாக இழுத்து, பந்துக்குப் பின்சுழல் கொடுப்பதுதான் ஸ்லைஸ். மரியா இதைப் பேக்ஹேண்டில், அதாவது மட்டை பிடித்த கைக்கு எதிர்ப்பக்கம் வரும் பந்துக்கு, ஆடுகிறார். இந்தக் காலத்தில் ஏறக்குறைய யாருமே செய்யாதபடி, மட்டை பிடித்த கைப்பக்கம் வரும் பந்துக்கு, அதாவது ஃபோர்ஹேண்டிலும் ஆடுகிறார். பந்து மெதுவாக மிதந்து வரும். வருவதைப் பார்த்தால் எளிதாக அடித்துவிடலாம் என்றே தோன்றும். புல்லில் பட்டதும் அது எழும்பாது. வழுக்கிக்கொண்டு முழங்காலுக்குக் கீழேயே போகும். இடுப்புக்கும் தோளுக்கும் இடையில் எகிறும் பந்தைப் பலங்கொண்டு அறைந்தே வளர்ந்த ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள், அந்தப் பந்துக்காக ஒவ்வொரு முறையும் குனிய வேண்டியிருக்கிறது. குனிந்து, தாழ்ந்த இடத்திலிருந்து மேல்நோக்கி அடித்தால் பந்து ஒன்று வலையில் விழும், அல்லது கோட்டைத் தாண்டும். ஒரு முறை இரு முறை என்றால் சமாளித்துவிடலாம். ஒன்றரை மணி நேரம் இதையே செய்யச் சொன்னால் காலும் தளரும், மனமும் தளரும். ரைபாகினாவின் உயரத்துக்கு அது இன்னும் கொடுமை. அந்தக் காலிறுதியில் அவர் சலித்துப்போய்த் தன் பயிற்சியாளர் குழு உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தபோதெல்லாம், மரியா அடுத்த பந்துக்குத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.

பாட் சவுல்காவிலிருந்து

மரியா 1987 ஆகஸ்ட் 8 அன்று, ஜெர்மனியின் தெற்கே பாட் சவுல்காவ் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்போது அவர் டட்யானா மாலெக். அந்த வருடங்களையொட்டிப் பிறந்த ஜெர்மானிய ஆட்டக்காரிகளின் பட்டியலைப் பாருங்கள்: அவர் பிறந்த அதே 1987இல் ஆண்ட்ரியா பெட்கோவிச், 1988இல் ஆஞ்செலிக் கெர்பர், யூலியா கோர்கெஸ், 1989இல் சபீனே லிசிக்கி. ஸ்டெஃபி கிராஃபுக்குப் பிறகு வெறிச்சோடிக் கிடந்த ஜெர்மானிய மகளிர் டென்னிஸை நிரப்பிய தலைமுறை அது. கெர்பர் மூன்று கிராண்ட்ஸ்லாம் பட்டங்களை வென்று முதலிடத்துக்கு வந்தார். லிசிக்கி 2013 விம்பிள்டன் இறுதிவரை போனார். இந்த வரிசையைச் சொல்லும்போது மாலெக் என்ற பெயரை யாரும் சேர்த்ததில்லை. 2008இல், இருபது வயதில், நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்து உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போய் மீண்டார். அதன் பிறகும் முதல் நூறு இடங்களுக்கு உள்ளும் வெளியுமாக, தகுதிச் சுற்றுகளிலும் சிறு போட்டிகளிலுமாக அவருடைய வருடங்கள் கழிந்தன. தன் தலைமுறையின் மற்றவர்களைப் போலவே அவரும் இரண்டு கைகளால் பேக்ஹேண்ட் ஆடினார். அந்த ஆட்டத்தில் அவர்களைவிடச் சற்றுக் குறைந்தவராகவே இருந்தார்.

2013 ஏப்ரலில் அவர் பிரெஞ்சுக்காரரான ஷார்ல்-எடுவார் மரியாவை மணந்தார். கணவரே பயிற்சியாளரும் ஆனார். அதே டிசம்பரில் மூத்த மகள் ஷார்லட் பிறந்தாள். இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையிலும், அதை ஒட்டி வந்த மாதங்களிலும் நடந்ததுதான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. இருபத்தாறு வயதில், போட்டிகளில் ஆட முடியாத அந்தக் காலத்தில், கணவரின் யோசனைப்படி அவர் தன் இரட்டைக்கை பேக்ஹேண்டைக் கைவிட்டு ஒற்றைக்கைக்கு மாறினார்.

இதைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. பீட் சாம்ப்ரஸும் இரட்டைக்கையிலிருந்து ஒற்றைக்கைக்கு மாறியவர்தான். ஆனால் அப்போது அவருக்குப் பதினான்கு வயது. பதினான்கில் மாறினால் சில சிறுவர் போட்டிகளில் தோற்க நேரும். இருபத்தாறில் மாறினால் போவது சம்பாத்தியம். தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் அந்த வயதுக்குள் அந்த அடியைப் பல லட்சம் முறை அடித்திருப்பார். அது அவருடைய புத்தியில் இருப்பதில்லை. தோளிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் ஊறிக் கிடக்கும். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை நட வேண்டும் என்றால், நட்டது வேர்பிடிக்கும்வரை கையில் ஒன்றுமே இருக்காது.

என் தோள் சொன்னது

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மிகச் சிறிய அளவில் நானும் இதைச் செய்து பார்த்தேன். முப்பத்தாறு வயதில்தான் நான் டென்னிஸ் மட்டையைத் தொட்டேன். இரட்டைக்கை பேக்ஹேண்ட்தான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகள் வார இறுதிகளில் ஆடி, ஓரளவு நம்பிக்கை வந்த பிறகு, மரியாவின் 2022 விம்பிள்டன் ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, ஒற்றைக்கைக்கு மாற வேண்டும் என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். "எதுக்கும்மா இப்போ? ஓடுற வண்டியை ஏன் பிரிச்சுப் போடுறீங்க?" என்றார் அவர். நல்ல மனிதர், என் நன்மைக்காகத்தான் சொன்னார். நான் பிடிவாதமாக இருந்ததால், எதிர்ப்பக்கம் கூடை நிறையப் பந்துகளோடு நின்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுத்தார்.

வலது கைக்காரர் ஆடும் இரட்டைக்கை பேக்ஹேண்டில் உண்மையில் வேலை செய்வது இடது கை. வலது கை பிடியின் அடியில் சும்மா துணைக்கு நிற்கிறது. தள்ளுவது, திருப்புவது, முடிப்பது எல்லாம் இடது கைதான். ஒற்றைக்கைக்கு மாறுவது என்பது இவ்வளவு நாளும் உழைத்த கையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, துணைக்கு நின்ற கையிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பது. பந்து வரும்போது என் இடது கை என்னைக் கேட்காமலேயே பிடிக்கு ஓடியது. அதை நிறுத்துவதற்கே மூன்று வாரம் ஆனது. நின்ற பிறகு பந்தைச் சந்திக்கும் இடம் தவறியது. இரட்டைக்கையில் இடுப்புக்குப் பக்கத்தில் சந்தித்துவிடலாம். ஒற்றைக்கையில் ஒரு முழம் முன்னால் சந்தித்தாக வேண்டும். நான் எப்போதும் தாமதமாகவே சந்தித்தேன். பந்து மட்டையின் விளிம்பில் மோதும்போது வரும் அதிர்வு முழங்கை வழியாக ஏறித் தோள்பட்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. மூன்றாம் மாதத்தில், மிகச் சமமான ஓர் ஆட்டத்தில், நெருக்கடியான ஒரு பந்துக்கு என் இரண்டு கைகளும் தாமாகவே சேர்ந்துகொண்டன. அந்தப் புள்ளியை நான் வென்றேன். அன்றோடு ஒற்றைக்கை முயற்சியை விட்டுவிட்டேன்.

எனக்கு அதில் இழக்க எதுவும் இருக்கவில்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த மாத வாடகை என் பேக்ஹேண்டை நம்பி இல்லை. அப்படி இருந்தும் விட்டுவிட்டேன். அந்தப் பெண்ணோ வயிற்றில் குழந்தையோடும், பிறகு கைக்குழந்தையோடும், அடுத்த ஆண்டு திரும்பி வந்து எதைக்கொண்டு பிழைக்கப்போகிறோமோ அந்தக் கருவியையே பிரித்து மறுபடி செய்துகொண்டிருந்தார். 2014இல் திரும்பி வந்தவரிடம் இரட்டைக்கை அடி இல்லை. தோற்ற நாட்களில் பழைய பிடிக்குத் திரும்பிவிடலாம் என்று அவருடைய இடது கை எத்தனை முறை கேட்டிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. அவர் திரும்பவில்லை. 2015 விம்பிள்டனில் மூன்றாம் சுற்றுக்குப் போனார். 2018 ஜூனில் மயோர்க்காவின் புல்தரையில், சேவாஸ்தோவாவை வீழ்த்தித் தன் முதல் பெரிய ஒற்றையர் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது முப்பது.

ஸ்லைஸ் என்றால் பயந்தவர்களின் அடி, அடிக்கத் தெரியாதவர்கள் ஒப்பேற்றுவது என்ற எண்ணம் எங்கள் மைதானத்திலும் உண்டு. பெரிய அரங்குகளிலும் உண்டு. எனக்கு இதில் ஒருபோதும் உடன்பாடில்லை. ஜெர்மனி கண்ட மிகச் சிறந்த ஆட்டக்காரியான ஸ்டெஃபி கிராஃபின் பேக்ஹேண்ட் ஒற்றைக்கை ஸ்லைஸ்தான். அவருடைய ஃபோர்ஹேண்டைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். ஆனால் அந்த ஃபோர்ஹேண்டுக்கு வேண்டிய பந்து கிடைப்பதற்காக எதிராளியைத் தாழ்வாகக் குனியவைத்துக் காத்திருந்தது அந்த ஸ்லைஸ். அதைக்கொண்டு அவர் இருபத்திரண்டு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களை வென்றார். அவற்றில் ஏழு விம்பிள்டன். கிராஃபுக்குப் பின் வந்த ஜெர்மானியத் தலைமுறை முழுவதும் இரண்டு கைகளோடு வளர்ந்தபோது, அவர்களில் பெயர் சொல்லப்படாத ஒருத்திதான் அந்தப் பழைய அடிக்குத் திரும்பிப் போனாள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி இருக்கிறது. இத்தனைக்கும் புல்தரையே மாறிவிட்டிருந்தது. 2001 முதல் விம்பிள்டன் முழுக்க ரை என்ற ஒரே வகைப் புல்லுக்கு மாறியது, தரை இறுகியது, பந்து முன்பைவிட நிமிர்ந்து எழத் தொடங்கியது. கோட்டருகே நின்று அறைபவர்களுக்கு அது வசதியானது. மரியா தனக்கு வசதி குறைந்துபோன ஒரு காலத்தில் அந்த அடியைத் தேர்ந்தெடுத்தார்.

புள்ளியில்லாத அரையிறுதி

இளைய மகள் செசிலியா 2021 ஏப்ரலில் பிறந்தாள். ஓராண்டு கழித்து, பொகோட்டாவில் தகுதிச் சுற்றிலிருந்து வந்து பட்டம் வென்றார். கடல் மட்டத்துக்கு மேல் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரம் அது. காற்று மெலிந்திருப்பதால் பந்து பறக்கும். அடித்து ஆடுபவர்களுக்குப் பந்தைக் கோட்டுக்குள் வைப்பதே பெரும்பாடு. மறு வருடமும் அங்கே அவரே வென்றார். இரண்டு பட்டங்களுக்கும் நடுவில் வந்தது 2022 விம்பிள்டன். தரவரிசையில் 103வது இடம், வயது முப்பத்து நான்கு. மூன்றாம் சுற்றில் ஐந்தாம் நிலை வீராங்கனை மரியா சக்காரியை வென்றார். நான்காம் சுற்றில் யெலெனா ஓஸ்டபென்கோவிடம் முதல் செட்டை இழந்து, இரண்டாவது செட்டில் இரண்டு மேட்ச் பாயிண்டுகளை, அதாவது எதிராளி எடுத்தால் ஆட்டமே முடிந்துவிடும் புள்ளிகளை, தடுத்து, 5-7, 7-5, 7-5 என்று வென்றார். அந்த ஆட்டத்தைத்தான் நான் நான்கைந்து முறை பார்த்திருக்கிறேன். ஓஸ்டபென்கோ பந்தை அடிக்கும் வேகத்துக்கு முன்னால் மரியாவின் பந்துகள் தூக்கத்தில் நடப்பவைபோல் தெரியும். ஆனால் நேரம் போகப் போக, வேகமான கையில் தவறுகள் பெருகுவதையும் மெதுவான கை அப்படியே இருப்பதையும் காணலாம். காலிறுதியில் தன் நாட்டவரும் தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவருமான யூலே நீமயரை மூன்றாவது செட்டில் 7-5 என்று வென்றார். அரையிறுதியில் தன் நெருங்கிய தோழி ஓன்ஸ் ஜபேயரிடம் 6-2, 3-6, 6-1 என்று தோற்றார். ஆட்டம் முடிந்ததும் ஜபேயர் அவரை வெளியேற விடவில்லை. கையைப் பிடித்து இழுத்து வந்து நடு மைதானத்தில் தன்னோடு நிறுத்தி, அரங்கத்தின் கைதட்டலில் பாதியை அவருக்குக் கொடுத்தார்.

இதில் பலரும் மறந்துவிட்ட ஒன்று உண்டு. ரஷ்ய, பெலாரஸ் ஆட்டக்காரர்களை விம்பிள்டன் அந்த ஆண்டு அனுமதிக்காததால், அந்தப் போட்டிக்குத் தரவரிசைப் புள்ளிகளே கிடையாது என்று டென்னிஸ் சங்கங்கள் அறிவித்திருந்தன. பரிசுத்தொகை 5,35,000 பவுண்ட் கிடைத்தது. அது சிறிய தொகையல்ல, நால்வராகப் பயணம் செய்யும் ஒரு குடும்பத்துக்கு அது பல ஆண்டுகளின் விமானச் சீட்டு. ஆனால் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கிராண்ட்ஸ்லாம் அரையிறுதிவரை போனவருக்கு ஒரு புள்ளிகூடச் சேரவில்லை. வேறெந்த ஆண்டாக இருந்தாலும் அந்த ஓட்டம் அவரைப் பல படிகள் மேலே தூக்கி, பெரிய போட்டிகளின் கதவை நேராகத் திறந்துவிட்டிருக்கும். அவர் மறுபடியும் தகுதிச் சுற்றுகளுக்குப் போனார். இதைப் பற்றி அவர் புலம்பி நான் எங்கும் படிக்கவில்லை. எனக்குத்தான் இன்னமும் ஆறவில்லை.

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு குயீன்ஸ் கிளப்புக்கு அவர் தொடர் தோல்விகளோடு வந்து சேர்ந்தார். அங்கே பெண்கள் ஆடுவதே 1973க்குப் பிறகு அதுதான் முதல் முறை. அந்த ஆண்டு ஓல்கா மொரோசோவா வென்ற பிறகு ஐம்பத்திரண்டு ஆண்டுகள் அந்தப் புல்லில் ஆண்களின் போட்டி மட்டுமே நடந்தது. பெண்கள் முதல் வாரம் ஆடினால் ஆண்களுக்காகக் காத்திருக்கும் தரை தேய்ந்துவிடும் என்ற கவலையும் பேசப்பட்டது. அப்படிப்பட்ட தரையில், புல்லைக் கிழிக்காமல் அதன் தலையைத் தடவிக்கொண்டு போகும் பந்துகளால் ஒருத்தி பட்டம் வென்றாள். 2020இல் ஆக்லாந்தில் செரீனா வில்லியம்ஸ் வென்றதற்குப் பிறகு, ஒற்றையர் பட்டம் வென்ற மிக மூத்த வயதுப் பெண் அவர்தான்.

அக்காவிடம் நான் வாதம் செய்தபோது அவள் கேட்ட ஒரு கேள்விக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "அந்தப் பிள்ளை வயித்துல இல்லேன்னா அவளுக்கு அதைக் கத்துக்க நேரம் ஏது?" என்றாள். அது உண்மை. வாரத்துக்கு ஓர் ஊர் என்று ஓடும் ஆட்டக்காரிக்கு, தோற்காமல் பழகிப் பார்க்க ஒன்பது மாதம் வேறு எந்த வழியிலும் கிடைத்திருக்காது. ஆகவே தாய்மையை இந்தக் கதையிலிருந்து பிரிக்க முடியாது என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேரம் கிடைத்தது என்பது ஒன்று. கிடைத்த நேரத்தில் தன் கையைத் தானே பிரித்துப் போடத் துணிந்தது வேறொன்று. அந்த நேரமும் இலவசமாகக் கிடைத்ததல்ல. ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு மகளிர் டென்னிஸில் 2025 மார்ச்சில்தான் அறிவிக்கப்பட்டது. மரியாவின் இரண்டு பேறுகாலங்களும் அதற்கு முன்பே முடிந்துபோயிருந்தன. தாய் என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நாம் கண்ணீர் விடும்போது, அந்த ஊதியமில்லாத மாதங்களும், அவற்றில் நடந்த தொழில் வேலையும் இரண்டுமே கண்ணிலிருந்து மறைந்துபோகின்றன. ஒரு தச்சன் புது உளி செய்துகொண்டான் என்றால் நாம் உளியைப் பார்க்கிறோம். ஒரு பெண் செய்துகொண்டால் அவளுடைய இடுப்பிலிருக்கும் குழந்தையைப் பார்க்கிறோம்.

குயீன்ஸ் வெற்றிக்கு இரண்டு வாரம் கழித்து விம்பிள்டனில் மரியா முதல் சுற்றிலேயே தோற்றார். அன்றிரவு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் அவளுக்குக் குயீன்ஸ் இறுதி ஆட்டத்திலிருந்து ஒரே ஒரு புள்ளியை எடுத்து, வேகத்தைக் குறைத்துப் போட்டுக் காட்டினேன். முகத்தைப் பார்க்காதே, கையை மட்டும் பார் என்றேன். வலது தோள் திரும்புகிறது, இடது கை மட்டையின் கழுத்தை லேசாகத் தாங்கிப் பின்னால் கொண்டுபோய் வைக்கிறது, பந்து வருகிறது, இடது கை விட்டுவிடுகிறது, வலது கை தனியாகக் கீழிறங்குகிறது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை போடச் சொன்னாள். மூன்றாவது முறை பார்த்துவிட்டுத் திரையில் விரலை வைத்துக் கேட்டாள்: "இந்தக் கை விட்டதுக்கு அப்புறம் சும்மா இல்லையே, அது ஏன் பின்னால நீளுது?"